ப்ரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

சாமி கும்பிடுகிற மனுஷனை நம்பி வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாம். ஒரு சாமானும் காணாமல் போகாது. ஆனால் மெஷின் எதையும் அவனோடு தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. திரும்பி வந்து பார்த்தால் அதன் நெற்றியில் பொட்டு இருக்கும். மெஷினுக்கு நெற்றி எது, கண் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் பரவாயில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் தங்கச்சி புவனேஸ்வரி ஒரு சட்டத்தரணி. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு போன முதல் ஆள் அவள்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு, தெஹியோவிட்ட பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பாலை ஷீட்டாக உருட்டுகிற ரோலர் மெஷினுக்குப் போனவன். வேலை முடிந்து வந்தால் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுவேன். வெள்ளிக்கிழமைகளில் கோவில். என் வாழ்க்கை அவ்வளவுதான், குறை ஒன்றும் இல்லை.

சட்டத்தரணிகளுக்கும் வகுப்பு நடக்கும் என்பதே எனக்குப் புவனா சொல்லித்தான் தெரியும். பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணி, கோர்ட்டில் ஏறி, ஆளுக்கு ஒரு கார் வாங்கிய பிறகும் இவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் படிப்பிக்கிறார்களாம். புதுச் சட்டம் வந்தால் தெரிந்துகொள்ள வேண்டும், பழைய சட்டம் மறந்திருந்தால் ஞாபகப்படுத்த வேண்டும். (எட்டாம் வகுப்போடு தப்பித்த என்னைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டது. யார் பரிதாபம் என்று இப்போது சொல்லுங்கள்.)

அப்படி ஒரு வகுப்பு எஹலியகொடையில் ஒரு ஹோட்டலில் வைத்தார்கள். அதில் புவனா பேச வேண்டும். லயத்தில் பரம்பரையாக இருக்கிறவர்களுக்கு ஏன் வீட்டு உறுதிப் பத்திரம் இல்லை, அவர்கள் வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இதுதான் பேச்சு. இந்த மாதிரி வகுப்புகளில் பேசுவதற்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட அதில் கிடையாது. அன்றைக்கு நன்றாகப் பேசினால் புவனாவைச் சேர்த்துக்கொள்வதாக, தலைமை தாங்குகிற மேடம் சொல்லியிருந்தார்.

அதற்காகப் புவனா பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். வெடித்த சுவர், தகரம், பத்து வீட்டுக்கு ஒரு பைப். என் மனைவி சரசு தன் கையாலேயே மண் குழைத்து இழுத்துக் கட்டிய சமையல் குசினியையும் எடுத்தாள். குசினிக்கு முன்னால் சரசுவும் நின்றாள், கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையோடு.

"குசினியைத்தான் எடுக்குறேன் அண்ணி. நீங்க எதுக்கு இந்தச் சேலை கட்டிருக்கீங்க?" என்று புவனா கேட்டாள்.

"அத்தனை லோயர்மாரு பாக்கப் போறாங்க. பாவாடையோடயா நிப்பேன்?" என்றாள் சரசு.

முதல் நாள் சாயங்காலம் புவனா என்னிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, நாளைக்கு என்னைக் கொண்டுபோய் இறக்கிட்டு நீங்க வந்துருங்க."

"நீ எப்படி வருவ?"

"பஸ்ல வந்துருவேன்."

"இந்த மழையில, அந்தச் சேலையோட, அவிசாவளையில பஸ் மாறியா?"

கொஞ்சம் யோசித்தாள். "சரி, இருங்க. ஆனா வெளியில த்ரீவீல்லயே இருங்க. உள்ள வர வேணாம்."

"நான் எதுக்கு உள்ள வாறேன்?"

குசினியிலிருந்து சரசு சிரித்தது கேட்டது. "உங்க அண்ணனா வெளியில இருப்பாரு? சாவு வீட்டுக்குப் போனாலே பந்தல் கம்பு கோணலா நிக்குதுன்னு நிமித்திட்டு வர்ற மனுஷன்."

மறுநாள் காலையில் எழுந்து குளித்துக் கோவிலுக்குப் போனேன். புவனா பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பூசாரி வாழை இலைத் துண்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து மடித்துக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து புவனாவின் நெற்றிக்கு நேரே விரலை நீட்டினேன். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம் அண்ணே. வேர்த்தா வழியும், சேலையில கொட்டும். பேசிட்டு வந்து வெச்சுக்குறேன்."

அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வைக்காத பொட்டு ஒன்று என் சட்டைப் பையில் ஏறிக்கொண்டது. அன்று நடந்த அத்தனைக்கும் காரணம் அந்தப் பொட்டுதான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். சரசு ஒத்துக்கொள்வதில்லை.

நல்ல மழை. ஹோட்டல் வாசலில் புவனாவை இறக்கிவிட்டேன். அவள் ஓடி உள்ளே போனாள். நான் த்ரீவீலை ஓரமாகப் போட்டு, சொன்னபடியே உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். (கடவுள் சாட்சி.) பின்னால் திரும்பிப் பார்த்தால் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் சீட்டில் கிடக்கிறது. பேசப் போகிற பிள்ளை, தொண்டை காய்ந்தால் என்ன செய்யும்? கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

அன்றைக்கு நான் வெள்ளைச் சட்டையும், என் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கால்சட்டையும் போட்டிருந்தேன். தலை நரைத்துப் பல காலம் ஆகிறது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சிங்களப் பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. எனக்காக யாரும் எழுந்து நின்று பழக்கமில்லாததால் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"சேர், நம?" என்று பெயரைக் கேட்டது.

"செல்வராஜ்."

ஒரு அட்டையில் எழுதி, சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்திவிட்டது. கையில் ஒரு ஃபைல், ஒரு பேனை. "உள்ள போங்க சேர், ஆரம்பிக்கப் போகுது" என்றது. நான் அப்போதே, "அனே நங்கி, நான் த்ரீவீல்காரன்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் 'சேர்' என்ற சொல் காதுக்குள் போய் ஏசி காற்றைப் போலக் குளிர்ந்து கிடந்தது. தண்ணீர்ப் போத்தலை இடுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துச் சீட்டில் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பருத்த சிங்கள ஐயா, மஹத்தயா. நல்ல சிரித்த முகம். சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம்?"

"தெஹியோவிட்ட."

"யாருக்கு வேலை செய்றீங்க?"

"தோட்டக் கம்பனிக்கு."

"ஆ, கம்பனிக்கா. அப்ப பெரிய இடம்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. (இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கேதான் அன்று நான் குடியிருந்தேன்.)

முன் வரிசையில் புவனா உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பினால் நான் குனிந்துகொள்வேன். ஆனால் பெருமை அடங்கவில்லை. மஹத்தயாவின் காதில், "அதோ நீலச் சேலை, மகே நங்கி" என்றேன். என் தங்கச்சி என்றதும் அவர் முன்னால் இருந்தவரைத் தட்டிச் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்த பெண் சட்டத்தரணி நோனாவிடம் சொன்னார். அந்த நோனா திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு மூன்று வரிசைக்கு விஷயம் பரவிவிட்டது. முதல் வரிசைக்கு மட்டும் போகவில்லை.

முதலில் விளக்கேற்றினார்கள். ஆளுயரப் பித்தளை விளக்கு, நிறையத் தேங்காய் எண்ணெய், சுற்றிலும் திரி. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு திரியை ஏற்றினார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். எனக்கு மனசு நிறைந்து போனது. பரவாயில்லை, சட்டம் படித்தவர்களுக்கும் பயபக்தி இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வயதான சட்டத்தரணி பேசினார். மேசை மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் முன்பக்கத்தில் வட்டமான கண்ணாடி. அதிலிருந்து வெளிச்சம் போய்த் திரையில் விழுந்து எழுத்தாகத் தெரிந்தது. எழுத்து, எழுத்து, எழுத்து. மஹத்தயா தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பொட்டு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே புது மெஷின் வந்தால் தோட்டத்து மேனேஜர் தொரையே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பார். நான்தான் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவேன். பொட்டு வைக்காத ரோலரில் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். பால் வெட்டுகிற கத்திக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, லொறிக்குப் பொட்டு. என் த்ரீவீலுக்கு முன் லைட்டிலேயே பொட்டு வைத்திருக்கிறேன், வெளிச்சத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. (நான் இருட்டினால் ஓட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்துப் பேசப் போவது என் தங்கச்சி. அவளுடைய இத்தனை நாள் பாடும், எங்கள் லயமும், சரசுவின் சேலையும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வர வேண்டும். விளக்கை ஏற்றியவர்கள் மெஷினை மறந்துவிட்டார்கள். சட்டைப் பையிலோ ஒரு பொட்டு சும்மா இருக்கிறது.

தேநீர் வேளை வந்தது. எல்லாரும் கட்லட் தின்னப் போனார்கள். மெஷின் பார்க்கிற ஆளும் வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மட்டும்.

சப்பாத்தைக் கழற்றினேன். இலையைப் பிரித்தேன். பெட்டியில் எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தேன். மேலே எல்லாம் பொத்தான், பின்னால் வயர். முன்னால் மட்டும் நடுவில் அழகாக, வட்டமாக, பளபளவென்று ஓர் இடம். பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. இருந்த சந்தனம் அத்தனையையும் பெருவிரலால் எடுத்து வட்டம் நிறையப் பூசினேன். கஞ்சத்தனம் பண்ணவில்லை. நடுவில் குங்குமம். பிறகு கண்ணை மூடி, "பிள்ளையாரப்பா, தங்கச்சி பேச்சு தடங்கல் இல்லாம நடக்கணும்" என்று மனம் உருகிக் கும்பிட்டேன்.

சாமி கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தடங்கலை நான் அல்லவா பூசி வைத்துவிட்டு அவரிடம் கேட்கிறேன். அவர் என்ன செய்வார்?

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மேடம் புவனாவை அழைத்தார். புவனா மைக்கில் சிங்களத்தில் அழகாக வணக்கம் சொன்னாள். "நீங்கள் எல்லாரும் லயத்தை ரோட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லி, மெஷின்காரர் ஓரமாக நின்று ரிமோட்டில் வெளிச்சத்தைப் போட்டதும், கையில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

திரையில் லயம் வரவில்லை. மஞ்சளும் சிவப்புமாக ஒரு மூட்டம் வந்தது. ஓரத்தில் மட்டும் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. புவனா திரும்பிப் பார்த்து மறுபடி அழுத்தினாள். அதே மூட்டம். "இதுதான் நாங்கள் இருக்கிற..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

மெஷின்காரர் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு டிஷூவை நனைத்துத் துடைத்தார். சந்தனம் சூட்டில் காய்ந்து ஓடு மாதிரிப் பிடித்திருந்தது. குங்குமம் கரைந்து கண்ணாடியைச் சுற்றி உள்ள இடுக்கில் சிவப்பாக இறங்கியது. திரை இப்போது முழுச் சிவப்பு. மண்டபம் பூராவும் கோவில் வாசம்.

"சந்துன்" என்றார் மெஷின்காரர், மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு. சந்தனமாம். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புவனா சந்தனம் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தை நிமிர்த்தி மண்டபத்தைப் பார்த்தாள். அவள் தேடியது என்னைத்தான். நான் முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அப்படியே குனிந்தபடி இருந்திருந்தால்கூட ஓரளவு மானம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் குனிந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. குங்குமக் கறைக்குத் தண்ணீர் ஆகாது, தேங்காய் எண்ணெய்தான் ஆகும். சரசு சொல்லித் தந்தது. எண்ணெயோ விளக்கில் நிறைய இருக்கிறது. பிள்ளை அங்கே படம் இல்லாமல் நிற்கிறது. எழுந்து நடந்தேன். (சப்பாத்தை மறுபடி போட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.) நேரே விளக்குக்குப் போய், முகம் துடைக்கிற என் லேஞ்சை எண்ணெயில் தோய்த்து எடுத்து, மெஷின்காரர் கையை நீட்டித் தடுப்பதற்குள் கண்ணாடியை அழுத்தித் துடைத்துவிட்டேன்.

சிவப்பு போனது உண்மை. அதற்குப் பதிலாகத் திரையில் தண்ணீருக்குள் பார்ப்பது போல எல்லாம் நெளிந்தது. நெளிவுக்கு நடுவில் ஒரு நிமிஷம் சரசு வந்தாள், அடையாளம் தெரியாதபடி. பிறகு மெஷினுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். இருட்டு.

மேடம் எழுந்தார். கோபமாக இல்லை, நிதானமாகக் கேட்டார். அது இன்னும் பயமாக இருந்தது. "மஹத்தயா யார்? எங்கேயிருந்து வந்திருக்கிறீர்கள்?"

என் பெருவிரல் சிவப்பு. கையில் எண்ணெய் லேஞ்சு. காலில் சப்பாத்து இல்லை. நெஞ்சில் பெயர்.

"அதைச் செய்தது நான்தான் நோனா" என்றேன் சிங்களத்தில்.

"புவனேஸ்வரியோடு வந்தவரா?"

அந்த இடத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். இவன் அவளுடைய அண்ணன் என்று தெரிந்தால் குழுவில் இடம் போய்விடும் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, திருநீறு பூசிய நெற்றியோடு, எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"இல்லை நோனா. அந்த நோனாவை எனக்குத் தெரியாது. தன்னே நே."

கடைசி வரிசையில் பருத்த மஹத்தயா சிரித்துவிட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர், அவருக்குப் பக்கத்தில் இருந்த நோனா, பிறகு அந்த இரண்டு மூன்று வரிசையும். காலையிலிருந்து 'மகே நங்கி, மகே நங்கி' என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாரும்.

முதல் வரிசைக்கு ஏன் சிரிப்பு என்று புரியவில்லை. புவனாவே புரிய வைத்தாள். மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து, "அவர் என் அண்ணன்" என்றாள். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. பிறகு என்னைப் பார்க்காமல், "வெளியில இருங்க அண்ணே" என்றாள்.

வெளியே வந்து நின்றேன். மழை விட்டிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக அவள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கையை விரித்து எதையோ அளந்து காட்டினாள். எங்கள் குசினியின் அளவாக இருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் தேடினாள். மேசையில் இல்லை. தண்ணீர்ப் போத்தல் என் சீட்டுக்குக் கீழே கிடந்தது. எதைக் கொடுக்கப் போனேனோ அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

மத்தியானம் பருத்த மஹத்தயா சோற்றுப் பீங்கானோடு என்னைத் தேடி வந்தார். என் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லாப் பேசினாளா?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. "ஆரம்பத்துல நடுங்கினா. கொடுத்த நேரத்துக்கு முன்னாடியே முடிச்சுட்டா. பரவாயில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னேரம் கொழும்பிலேர்ந்து வந்தவரு பேச இருந்தாரு. படம் காட்டாம அவருக்குப் பேச வராதாம். எல்லாரையும் நேரத்தோட வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. உங்களுக்குப் பெரிய பின் கிடைக்கும்" என்றார். 'பின்' என்றால் புண்ணியமாம். எனக்கு.

மேடத்திடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "மெஷினை நாங்க பாத்துக்குறோம், நீங்க தங்கச்சியைப் பாத்துக்கங்க" என்றார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

புவனாவை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அவிசாவளை வந்தது, போனது. நான் கண்ணாடியில் பார்த்தேன், அவள் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தெஹியோவிட்ட கிட்டத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"மெஷினுக்காக எனக்குக் கோவம் இல்ல அண்ணே."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"நீங்க பொட்டு வெப்பீங்கன்னு நான் யோசிச்சிருக்கணும். உங்கள எனக்குத் தெரியாதா? ஆனா என்னைத் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இத்தன வருஷம் கோர்ட்ல நான் யார் கேட்டாலும், எந்த ஊருன்னா தோட்டம்னுதான் சொல்றேன். அண்ணன் என்ன செய்றாருன்னா ரப்பர் ஸ்டோர்னுதான் சொல்றேன். ஒரு நாள் மாத்திச் சொன்னதில்ல. நீங்க ஒரே நிமிஷத்துல தெரியாதுன்னுட்டீங்க."

"உன் இடம் போயிரும்னு நெனச்சேன்மா."

"இடம் போனா இன்னொரு தடவ கேட்டுக்கலாம்."

அதற்கு மேல் நான் ஓட்டவில்லை. த்ரீவீலை ஓரமாக நிறுத்திவிட்டு, மழைத் தண்ணீர் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் பின்னால் இருந்து என் தோளில் கையை வைத்தாள். "அந்தத் துணி அழுக்கு அண்ணே" என்றாள்.

வீட்டு வாசலில் சரசு நின்றாள். புவனாவின் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் கேள்வி, "படத்துல நான் எப்படி இருந்தேன்?"

புவனாதான் பதில் சொன்னாள். "முதல்ல மஞ்சளா இருந்தீங்க அண்ணி. பிறகு செவப்பா. கடைசியா அண்ணன் எண்ணெய் தேய்ச்சு விட்டாரு."

முழுக் கதையையும் கேட்டு முடிக்கச் சரசுவுக்கு அடுப்பில் இருந்த சோறு தீய்கிற நேரம் ஆனது. மெஷினுக்குச் சிரித்தாள், எண்ணெய்க்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெரியாது என்ற அந்த 'தன்னே நே' வந்ததும் நிறுத்திவிட்டாள். அன்று இரவு எனக்குத் தீய்ந்த சோற்றைத்தான் போட்டாள்.

அந்தத் தடவை இடம் கேகாலைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போனது. மறு வருஷமும் புவனாவைக் கூப்பிடவில்லை. நான் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையாரை நேராகப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் நின்றுதான் கும்பிட்டேன். புவனா மட்டும் அசரவில்லை. மேடத்துக்கு எழுதினாள், நேரில் போய்க் கேட்டாள், சின்னச் சின்ன வகுப்புகளில் போய்ப் பேசினாள், எல்லாம் பஸ்ஸில்தான். அதற்கும் அடுத்த வருஷம் பேசக் கூப்பிட்டார்கள். அதே ஹோட்டல்.

"அண்ணே, நாளைக்குக் கொண்டுபோய் விடுறீங்களா?" என்று கேட்டாள். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

வாசலில் இறக்கிவிட்டேன். சட்டைப் பையில் வாழை இலை இருந்தது, பழக்கதோஷம். ஆனால் அதை வெளியே எடுக்கவில்லை. த்ரீவீலை விட்டு ஒரு காலும் கீழே வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போன புவனா திரும்பி வந்தாள். குனிந்து, தலையை உள்ளே நீட்டினாள்.

"வைங்க. நெத்தி இங்க இருக்கு."

"சேலையில கொட்டுமே."

"கொட்டட்டும்."

வைத்தேன். சின்னதாகத்தான் வைத்தேன்.

பிறகு அவளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் இன்னொரு சிங்களப் பிள்ளை. எழுந்து நின்று, "இந்த சேர் யாரு?" என்று கேட்டது.

புவனா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"தன்னே நே" என்றாள். "வழியில ஏறிக்கிட்டாரு."

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு பருத்த குரல். "அவங்களுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும்." இரத்தினபுரி மஹத்தயாதான். என் தோளில் கையைப் போட்டு, ஆசையாகக் காதில் கேட்டார்: "இன்னைக்குப் பின்னேரம் மூணு பேர் பேசுறாங்க. பொட்டு ஏதும் கொண்டுவந்தீங்களா?"

அன்று புவனாவின் பேச்சை முழுசாகக் கேட்டேன். கடைசி வரிசையில், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. மெஷின்காரர் தேநீருக்குப் போகவே இல்லை. சரசு பெரிய திரையில், கல்யாணச் சேலையோடு, குசினிக்கு முன்னால் தெளிவாக நின்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் புது ஃபோன் வந்தாலும், மிக்சி வந்தாலும், என் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "அப்பா, இதுல நெத்தி எது?" என்று கேட்டு, நான் சரியாகக் காட்டிய பிறகுதான் பையில் இருந்து கையை எடுக்க விடுகிறார்கள். நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், சரசு கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற புவனாவைக் கேட்பாள்: "ஒரு மஹத்தயா வந்து நிக்கிறாரு. உனக்குத் தெரியுமா?"

புவனா எந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வாள். என்ன பதில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே நின்றுகொண்டு, கதவு முழுசாகத் திறக்கும் வரைக்கும், நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும்.